வாசகர் கேள்விகள்: மஞ்சளுக்கு ஓட்டுப் போட்ட அபி

சென்ற இதழில் வேறொரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, பூடானில் நான் பதினொரு வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்ததையும், அந்த நாட்டின் முதல் நாடாளுமன்றத் தேர்தலைப் பக்கத்திலிருந்து பார்த்ததையும் போகிற போக்கில் சொல்லியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு நிறையக் கடிதங்கள் வந்துவிட்டன. சரி, இந்த இதழ் முழுக்க அதற்கே.

"ஒரு ராஜா தானாகவே 'எனக்கு அதிகாரம் வேண்டாம், நீங்களே ஆளைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள்' என்று சொல்வாரா? உள்ளே ஏதாவது நெருக்கடி இருந்திருக்க வேண்டுமே?"
— ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர் ஒருவர்

ஐயா, எனக்கும் முதலில் இந்தச் சந்தேகம்தான். ஆனால் 2005 டிசம்பர் 17 அன்று, அவர்களுடைய தேசிய தினத்தில், டிரஷியாங்சே மைதானத்துக் கூட்டத்தில் நானும் நின்றேன். நான் வேலை பார்த்த டிரஷிகாங்குக்கு அடுத்த மாவட்டம் அது. கடுங்குளிர். நான்காம் மன்னர் ஜிக்மே சிங்யே வாங்சுக் பேசினார். 2008-இல் நாடாளுமன்றத் தேர்தல் நடக்கும், அதற்குள் தாம் அரியணையை மகனிடம் ஒப்படைத்துவிடப் போவதாகவும் சொன்னார். அவருக்கு அப்போது 50 வயது.

கைதட்டல் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. எனக்குப் பக்கத்தில் என் வீட்டுக்கார அம்மா நின்றிருந்தார். அந்தப் பக்கத்தில் பாட்டியை 'அபி' என்பார்கள், நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். அபி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். திரும்பும் வழியில் வண்டியில் ஒருவரும் பேசவில்லை. ஒரே ஒரு இளைஞன் மட்டும், "நல்ல ராஜா இருக்கும்போது எதற்குத் தேர்தல்?" என்று கேட்டான்.

அதற்கு மன்னர் தரப்பில் சொல்லப்பட்ட பதில் நேரானது: இன்றைக்கு நல்ல ராஜா, நாளைக்கு வருகிறவர் எப்படியோ, ஒரு நாட்டின் தலையெழுத்தைப் பிறப்பின் தற்செயலில் விடக் கூடாது. இதை நான் முழு மனதோடு ஏற்கிறேன். அதுவும் ஒரே நாளில் வந்த யோசனை இல்லை. 1953-இலேயே அவருடைய அப்பா ஒரு தேசிய மன்றத்தை உண்டாக்கியிருந்தார். 1998-இல் இவரே அன்றாட ஆட்சியை அமைச்சரவையிடம் கொடுத்துவிட்டார். 2005 மார்ச்சில் அரசியல் சட்ட வரைவு வெளியானது. மன்னரும் இளவரசரும் மாவட்டம் மாவட்டமாகப் போய் அதைப் படித்துக் காட்டி மக்களிடம் கருத்துக் கேட்டார்கள். அந்தச் சட்டத்தில் மன்னர் 65 வயதில் விலக வேண்டும் என்று இருக்கிறது. நாடாளுமன்றத்தில் நான்கில் மூன்று பங்குப் பேர் சேர்ந்து, மக்கள் வாக்கெடுப்பிலும் ஒப்புதல் கிடைத்தால் மன்னரையே இறக்கலாம் என்றும் இருக்கிறது. தன்னை இறக்குவதற்கான வழியைத் தானே எழுதி வைத்துவிட்டுப் போன மனிதர் அவர்.

நெருக்கடி என்று நீங்கள் கேட்டது இருக்கிறது. ஆனால் அது தலைநகர் திம்புவில் இல்லை, தெற்கில். கீழே அதைப் பற்றியே ஒரு கேள்வி இருக்கிறது, அங்கே சொல்கிறேன்.

"ஒத்திகைத் தேர்தல் ஒன்று நடந்ததாக எழுதியிருந்தீர்கள். பள்ளிப் பிள்ளைகள் வேட்பாளர்களாக நின்றார்களாமே, உண்மையா?"
— ஒரு பள்ளி ஆசிரியை

உண்மை, டீச்சர். அந்த நாட்களை நினைத்தால் இன்றும் மனசு நிறைந்துவிடும்.

ஓட்டு என்றால் என்ன, பொத்தானை எப்படி அழுத்துவது, தோற்றவர் என்ன செய்ய வேண்டும் என்று எதுவுமே பழக்கமில்லாத மக்கள். அதனால் தேர்தல் ஆணையம் 2007-இல் நான்கு பொய்க் கட்சிகளை உண்டாக்கியது. நீலம், பச்சை, சிவப்பு, மஞ்சள். நீலம் ஊழலை ஒழிப்போம் என்றது. பச்சை காட்டையும் மலையையும் காப்போம் என்றது. சிவப்பு தொழிற்சாலை கொண்டுவருவோம் என்றது. மஞ்சள் நம் பண்பாட்டைக் காப்போம் என்றது. ஏப்ரல் 21-இல் முதல் சுற்று. அதில் முதல் இரண்டு இடம் பிடித்த மஞ்சளும் சிவப்பும் மே 28-இல் மோதின. இந்தச் சுற்றுக்கு வேட்பாளர்கள் தேவைப்பட்டார்கள். உயர்நிலைப் பள்ளி மாணவர்களை நிறுத்தினார்கள். ஓட்டுப் போட்டவர்கள் நிஜ வாக்காளர்கள், இயந்திரங்களும் நிஜம்.

எங்கள் பள்ளியில் பதினோராம் வகுப்புப் பெண் ஒருத்தி சிவப்புக் கட்சிக்கு நின்றாள். கணக்கில் சுமார்தான், பேச்சில் நெருப்பு. கிராமத்துக் கூட்டத்துக்கு நானும் துணைக்குப் போனேன். சமுதாயக் கூடத்தில் பாய் விரித்து, எல்லாருக்கும் வெண்ணெய்த் தேநீர் ஊற்றி, நாற்பது ஐம்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவள் எழுந்து, "படித்துவிட்டு நாங்கள் எல்லாரும் திம்புவுக்கு ஓடுகிறோம். இங்கே வேலை இருந்தால் ஏன் ஓடப்போகிறோம்?" என்று கேட்டாள். ஒரு பெரியவர், "தொழிற்சாலைப் புகை கோயில் மேல் படியாதா?" என்றார். அவள் அசரவில்லை. "அடுப்புப் புகை உங்கள் வீட்டுக்குள்ளேயே படிகிறதே தாத்தா, அதைப் போக்க மின்சாரம் வேண்டும், மின்சாரத்துக்குப் பணம் வேண்டும், பணத்துக்குத் தொழில் வேண்டும்" என்றாள். பெரியவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். கூட்டம் முழுவதும் அவள் பக்கம் என்று நினைத்துக்கொண்டு இறங்கி வந்தோம்.

நாட்டின் 47 தொகுதிகளில் 46-ஐ மஞ்சள் வென்றது. எங்கள் தொகுதியும் மஞ்சள்தான்.

மஞ்சள் ராஜாவின் நிறம். அவர் தோளில் போடும் துண்டு மஞ்சள், கொடியின் மேல் பாதி மஞ்சள், அதுவும் ராஜாவைக் குறிப்பது. அபியிடம் கேட்டேன். "கும்பிடுகிற நிறத்தை விட்டுவிட்டு வேறெதை அழுத்துவேன்?" என்றார். ஊர் முழுக்க அவர் அதையே பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

மறுநாள் வகுப்பில் அந்தப் பெண் கடைசி பெஞ்சில் அழுதுகொண்டிருந்தாள். "நான் பேசியதை யாரும் கேட்கவே இல்லை, லோபென். என் நிறத்தைத்தான் பார்த்தார்கள்." லோபென் என்றால் ஆசிரியர். அவளுக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்பது மறந்துவிட்டது. ஆனால் தேர்தலைப் பற்றி அதற்குப் பிறகு நான் படித்த எதிலும் அந்த ஒரு வரி அளவுக்கு விஷயம் இருந்ததில்லை.

"நிஜத் தேர்தல் நாள் எப்படி இருந்தது?"
— கல்லூரி மாணவர் ஒருவர்

தம்பி, 2008 மார்ச் 24. நான் வெளிநாட்டுக்காரன், எனக்கு ஓட்டு இல்லை. சாவடிக்கு உள்ளே போக முடியாது, சாலைக்கு எதிரே ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தேன்.

காலை ஆறு மணிக்கே வரிசை. ஆண்கள் கோ, பெண்கள் கீரா என்று தேசிய உடையில், எல்லாரும் திருவிழாவுக்குப் போடுகிற நல்ல துணி. அபி பெட்டியிலிருந்து சிவப்பு ரச்சுவை எடுத்து இடது தோளில் போட்டுக்கொண்டார். பெரிய இடங்களுக்குப் போகும்போது மட்டும் பெண்கள் போடுகிற துண்டு அது. குடியுரிமை அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றி, அதை ஒரு துணியில் சுற்றி, இடுப்பு மடிப்பில் செருகியிருந்தார்.

அங்கே ஒரு விதி: நீ எங்கே வேலை பார்த்தாலும் உன் பெயர் எந்த ஊர்க் குடிப் பதிவேட்டில் இருக்கிறதோ அங்கேதான் ஓட்டு. அரசு ஊழியர் போன்ற சிலருக்கு அஞ்சல் ஓட்டு உண்டு. மற்றவர்கள் ஊருக்கு வந்தாக வேண்டும். திம்புவிலிருந்து எங்கள் பக்கத்துக்கு ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல், முழுக்க வளைவுச் சாலை, பேருந்தில் இரண்டு நாள். 65 வயதுப் பெண்மணி ஒருவர், பேருந்தில் ஏறினால் வாந்தி வரும் என்பதால், திம்புவிலிருந்து டிரஷியாங்சே வரை 14 நாள் நடந்தே வந்து ஓட்டுப் போட்டார் என்று அப்போது செய்தி வந்தது. அதைப் படித்துவிட்டு அபி, "நான் பத்து நிமிஷம் நடந்தேன், அதற்கே முட்டி வலி என்றேன்" என்று வெட்கப்பட்டார்.

இந்தியாவில் செய்த வாக்கு இயந்திரங்கள்தான். பொத்தானை அழுத்தியதும் நீளமாக ஒரு 'பீப்' வரும், தெரியும் இல்லையா? சாவடி சின்னது, அந்தச் சத்தம் சாலைக்கே கேட்டது. ஒவ்வொரு சத்தத்துக்கும் வரிசையில் நின்றவர்கள் ஒரு அடி முன்னால் நகர்ந்தார்கள்.

அபி வெளியே வந்ததும் ஆசையாகக் கேட்டேன்: "யாருக்குப் போட்டீர்கள்? பறக்கிற கொக்குக்கா, குதிரைக்கா?" இரண்டு கட்சிகளின் சின்னம் அவை. அபி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சொல்லக் கூடாது என்று தொலைக்காட்சியில் சொன்னார்கள்" என்றார். அவ்வளவுதான். போன வருஷம் மஞ்சளுக்குப் போட்டதை ஊரெல்லாம் சொன்னவர். கடைசி வரை என்னிடம் சொல்லவே இல்லை.

அன்றைக்கு நாடு முழுவதும் பதிவான 3 லட்சத்து 18 ஆயிரம் வாக்காளர்களில் 79 சதவீதம் பேர் ஓட்டுப் போட்டார்கள்.

"47 இடங்களில் ஒரே கட்சிக்கு 45! எதிர்க்கட்சிக்கு வெறும் 2. ராஜா ஆட்சி போய் ஒரு கட்சி ஆட்சி வந்தது என்பதுதானே இதற்கு அர்த்தம்?"
— கணக்காளர் ஒருவர்

நீங்களும் கணக்குக்காரர் என்பதால் கணக்கோடு தொடங்குகிறேன். ஜிக்மி தின்லே தலைமையிலான துருக் புயென்சும் சோக்பா, அதாவது கொக்குச் சின்னக் கட்சி, 100-க்கு 67 ஓட்டு வாங்கியது. குதிரைச் சின்ன மக்கள் ஜனநாயகக் கட்சி 33 வாங்கியது. மூன்றில் ஒரு பங்கு மக்கள் குதிரைக்குப் போட்டிருக்கிறார்கள், ஆனால் கிடைத்தது 2 இடம். தொகுதிக்கு ஒருவர், அதிக ஓட்டு வாங்கியவர் வெற்றி என்ற முறையில், ஆதரவு நாடு முழுக்கச் சமமாகப் பரவிக் கிடந்தால் இப்படித்தான் ஆகும். குதிரைக் கட்சித் தலைவர் சங்கே நெடுப், நான்காம் மன்னரின் மைத்துனர், அவரே தன் தொகுதியில் தோற்றார். ஒத்திகையில் ராஜாவின் நிறத்தைத் தேடிப் போட்டவர்கள், நிஜத்தில் ராஜாவின் உறவினரைத் தேடிப் போகவில்லை. எங்கள் கிழக்குப் பகுதியில் கொக்குக் கட்சியின் 'சமத்துவம், நீதி' என்ற பேச்சுதான் எடுபட்டது.

ஆனால் உங்கள் கேள்விக்கு நிஜமான பதில் அந்த 2 பேர். ஒருவர் ஹா மாவட்டத்திலிருந்து வந்த செரிங் டோப்கே, இன்னொருவர் காசா மாவட்டத்திலிருந்து வந்த தாம்சோ தோர்ஜி. 45 பேருக்கு எதிரே இரண்டு நாற்காலி. எந்தத் தீர்மானத்தையும் தடுக்க முடியாது.

2010-இல் வாகனங்கள் மீதான வரியை அரசு உயர்த்தியது. நாடாளுமன்றத்துக்குக் கொண்டுபோகாமலேயே உயர்த்தியது. வரியைச் சட்டத்தின் மூலமாகத்தான் மாற்ற முடியும் என்று அரசியல் சட்டத்தில் எழுதியிருக்கிறது. சபையில் கத்தினால் கேட்க ஆளில்லை, அதனால் அந்த இரண்டு பேரும் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். அந்த நாட்டின் முதல் அரசியல் சட்ட வழக்கு அது. உயர் நீதிமன்றம் எதிர்க்கட்சி சொல்வதே சரி என்றது. அரசு மேல்முறையீடு செய்தது. 2011 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. 45 பேர் இருந்த அரசு தீர்ப்புக்குத் தலைவணங்கியது.

இதை நான் ஊரை விட்டு வந்த பிறகு செய்தியில் படித்தேன். படித்துவிட்டு எழுந்து வீட்டுக்குள் இரண்டு சுற்று நடந்தேன். மக்களாட்சி பூடானுக்கு 2008 மார்ச்சில் வந்தது என்று புத்தகங்களில் இருக்கும். என்னைக் கேட்டால் இந்தத் தீர்ப்பு வந்த நாளில்தான் அது வந்து சேர்ந்தது என்பேன். மன்னர் கொடுத்ததை வாங்கிக்கொள்வது ஒன்று. அதை எடுத்துப் பயன்படுத்துவது வேறு.

"பட்டதாரிகள் மட்டும்தான் நிற்கலாமாம். படித்தவர்கள் ஆள்வது நல்லதுதானே?"
— வங்கி ஊழியர் ஒருவர்

இல்லை. நான் வாழ்க்கை முழுக்கப் பள்ளிக்கூடத்தில் இருந்தவன், அதனாலேயே உறுதியாகச் சொல்கிறேன். பல்கலைக்கழகப் பட்டம் இல்லாதவர் நாடாளுமன்றத்துக்கு நிற்க முடியாது என்ற விதியால், பெரும்பாலான மக்கள் ஓட்டுப் போட மட்டுமே தகுதி உள்ளவர்களாகிவிட்டார்கள். மூன்றாவதாகப் பதிவு கேட்ட ஒரு கட்சியை, அதில் போதிய கல்வித் தகுதி உள்ளவர்கள் இல்லை என்பதையும் ஒரு காரணமாகக் காட்டி ஆணையம் நிராகரித்தது. எங்கள் ஊரில் தண்ணீர்த் தகராறு, எல்லைத் தகராறு என்று வந்தால் எல்லாரும் தேடிப் போகிற ஒரு மனிதர் இருந்தார். கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். அவரை விடச் சபைக்குத் தகுதியான ஆளை நான் அந்தப் பள்ளத்தாக்கில் பார்த்ததில்லை.

இன்னொன்றும் சேர்த்துச் சொல்கிறேன். பிக்குகளுக்கு அங்கே ஓட்டே கிடையாது, மதம் அரசியலுக்கு மேலே நிற்க வேண்டும் என்பதால். அதன் நோக்கம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் 18 வயது தாண்டிய ஒருவரை, அவர் உடுத்தும் துணிக்காக வரிசைக்கு வெளியே நிறுத்துவதை ஏற்க முடியவில்லை.

"பூடானிலிருந்து விரட்டப்பட்ட நேபாளி மொழிக்காரர்களைப் பற்றி ஒரு வார்த்தை எழுதாமல் அந்தத் தேர்தலைப் புகழ்வது நியாயமா?"
— பெயர் வேண்டாம் என்று எழுதிய வாசகி

நியாயமில்லை அம்மா. நீங்கள் கேட்டது நல்லதாயிற்று.

தெற்கில் பல தலைமுறையாக வாழ்ந்த நேபாளி பேசும் மக்களை லோட்ஷாம்பா என்பார்கள். 1985-இல் வந்த குடியுரிமைச் சட்டம், 1958-இல் நாட்டில் இருந்ததற்கான சான்றைக் கேட்டது. தேசிய உடை கட்டாயமானது, பள்ளிகளில் நேபாளி மொழி நின்றது. போராட்டம், கைது, அடக்குமுறை. 1990-ஐ ஒட்டிய வருஷங்களில் வெளியேறியவர்கள் கிழக்கு நேபாளத்தின் ஜாபா, மோரங் மாவட்ட முகாம்களில் போய்ச் சேர்ந்தார்கள். எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டியது. மொத்தமே மூன்று லட்சத்துச் சொச்சம் வாக்காளர்கள் உள்ள நாட்டில் இது எவ்வளவு பெரிய எண் என்று பாருங்கள். முதல் தேர்தல் நடந்தபோது அவர்கள் முகாமில் இருந்தார்கள். அதே 2008-இல்தான் அவர்களை அமெரிக்கா உள்ளிட்ட வேறு நாடுகளில் குடியமர்த்தும் வேலை வேகம் எடுத்தது. பெரும்பாலானோர் போய்விட்டார்கள். சொந்த ஊருக்குத் திரும்ப வழி கிடைக்கவில்லை.

எங்கள் பள்ளியில் தெற்கத்தி ஆசிரியர் ஒருவர் இருந்தார். அவருக்குக் குடியுரிமை இருந்தது, ஓட்டும் இருந்தது. அவருடைய அண்ணன் முகாமில். தேர்தல் முடிவு வந்த மாலை ஆசிரியர் அறையில் எல்லாரும் வானொலியைச் சுற்றி நின்றோம். தெற்கிலிருந்து நேபாளி பேசும் உறுப்பினர்களும் தேர்வாகியிருந்தார்கள். அவர் விடைத்தாள் திருத்திக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய், "சந்தோஷம்தானே?" என்றேன். "சந்தோஷம்தான்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "எங்கள் வீட்டில் இரண்டு ஓட்டு" என்றார். அவ்வளவு நாள் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்தும் நான் அவரிடம் அண்ணனைப் பற்றி ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அது இன்றும் உறுத்துகிறது.

"அதற்குப் பிறகு என்ன ஆயிற்று? இப்போதும் தேர்தல் ஒழுங்காக நடக்கிறதா?"
— இல்லத்தரசி ஒருவர்

நடக்கிறது. கட்சிகள் கூடியதும் முறை இரண்டு சுற்றாயிற்று: முதல் சுற்றில் எல்லாக் கட்சிகளும் நிற்கும், முதல் இரண்டு இடம் பிடிப்பவை மட்டும் அடுத்த சுற்றில் மோதும். ஒத்திகையில் செய்து பார்த்த அதே முறை.

2013-இல் முதல் சுற்றில் கொக்குக் கட்சிதான் முன்னால் இருந்தது. இரண்டு சுற்றுக்கும் நடுவே இந்தியா சமையல் எரிவாயு, மண்ணெண்ணெய் மானியத்தை நிறுத்தியது. விலை ஏறியது, பேச்சு மாறியது. தேர்தல் நடுவே பக்கத்து நாடு ஒன்று இப்படிச் செய்தது சரியில்லை என்றே அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். குதிரைக் கட்சி 32 இடம் வென்றது. ஒருகாலத்தில் இரண்டு பேரில் ஒருவராக உட்கார்ந்திருந்த செரிங் டோப்கே பிரதமரானார். 2018-இல் அவர் கட்சி முதல் சுற்றிலேயே வெளியேறியது, லோட்டே செரிங் என்ற அறுவை சிகிச்சை மருத்துவர் பிரதமரானார். அடுத்த முறை அவர் கட்சியும் முதல் சுற்றைத் தாண்டவில்லை. 2024 ஜனவரி 9-இல் டோப்கே 30 இடங்களோடு திரும்பி வந்தார். நான்கு தேர்தல், ஆட்சியில் இருந்த கட்சி ஒரு தடவைகூட மறுபடி ஜெயிக்கவில்லை. தோற்றவர்கள் ஒவ்வொரு முறையும் சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

அபி இப்போது இல்லை. அந்தச் சிவப்புக் கட்சிப் பெண் திம்புவில் வேலை பார்க்கிறாள், இரண்டு பிள்ளைகள். 2024 தேர்தலுக்கு இரண்டு நாள் பயணம் செய்து ஊருக்குப் போய் ஓட்டுப் போட்டுவிட்டு, முடிவு வந்த மறுநாள் என்னைக் கூப்பிட்டாள். "நான் போட்ட கட்சி தோற்றுவிட்டது, லோபென்" என்றாள். எந்தக் கட்சி என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஊருக்குப் போகும் சாலையைப் புதிதாக அகலப்படுத்தியிருக்கிறார்கள், முன்னைப் போல வாந்தி வரவில்லை என்று அதைப் பற்றித்தான் நிறையப் பேசினாள்.